புதுப்பிப்பு: டூசானில் பட்டை தீட்டாத கற்கள் விற்ற கதை

அரிசோனாவில் டூசான் ரத்தினக்கல் கண்காட்சிக்குப் பட்டை தீட்டாத கற்களைக் கொண்டுபோனால் விற்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, போய்விட்டு வந்துவிட்டேன். முதல் நாள் நான் கொண்டுபோன ஜாஸ்பர் (ஒளி ஊடுருவாத ஒரு வண்ணக்கல்) எல்லாம் சரளைக்கல் மாதிரி வெளிறிக் கிடந்தது, ஒருவரும் நிற்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் பாவம் பார்த்து ஒரு ஸ்ப்ரே பாட்டிலைக் கொடுத்தார். தண்ணீர் பட்டதும் சிவப்பு வரிகள் பளிச்சென்று எழுந்தன, தீட்டினால் எப்படி இருக்கும் என்று வாங்குபவருக்கு அப்போதுதான் புரிகிறது. ஒரு சிக்கல், காயும்போது கல்லெல்லாம் வெளுத்தாலும் விரிசலில் மட்டும் ஈரம் நின்று கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்க்கவே சிலர் காத்து நின்றார்கள், கெட்டிக்காரர்கள். அப்புறம், கல்லுக்குக் கல் விலைச்சீட்டு ஒட்டியது வீண்வேலை. வாளியில் கொட்டி, ஒரு பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று எழுதியதும்தான் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்தார்கள். மிச்சம் இரண்டு வாளி இன்னும் கார் டிக்கியில்தான் கிடக்கிறது.