எங்கள் சங்கப் பதிவுகளை வெளியாட்கள் பார்க்க என்ன செய்யலாம்?

கேள்வி:
லயன்ஸ் சங்கம் ஒன்றில் இந்த ஆண்டு விளம்பரப் பொறுப்பு எனக்கு. கண் பரிசோதனை முகாம், ரத்ததானம் என்று வேலை ஓயாமல் நடக்கிறது. ஆனால் முகநூலில் படம் போட்டால் லைக் போடுவது உறுப்பினர்களும் அவர்கள் வீட்டாரும்தான். மூத்தவர் ஒருவர், "வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது, இதெல்லாம் எதற்கு?" என்கிறார். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா? இன்ஸ்டாகிராமும் தொடங்க வேண்டுமா?

பதில் (ரோட்டரியில் நெடுநாள் மக்கள் தொடர்பு பார்த்தவர்):
மூத்தவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். 1925-இல், பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டு மேடையேறி, பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டார். நீங்கள் இன்று நடத்தும் கண் முகாமுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. தேவையைப் பேசுவது வேறு, தன் பெருமையைப் பேசுவது வேறு. மூத்தவருக்குப் பிடிக்காதது இரண்டாவது, எனக்கும் பிடிக்காது.

பேனருக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்கும் படத்தைக் கண் மங்கியவர் பார்த்து என்ன செய்வார்? அதுவும் முகாம் முடிந்த மறுநாள்! உங்கள் உழைப்பில் பெரும்பங்கை முகாமுக்கு முந்தைய நாட்களுக்கு மாற்றுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த வாசல், கட்டணம் உண்டா, பழைய கண்ணாடியையும் மாத்திரைச் சீட்டையும் கொண்டுவர வேண்டுமா? சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், ஆகவே துணைக்கு ஆள் வேண்டும் என்பதையும் சேருங்கள். எல்லாம் ஒரே படத்தில், பெரிய எழுத்தில், வாட்ஸ்அப்பில் அனுப்ப வசதியாக. அதே விவரத்தைப் பதிவிலும் தட்டச்சு செய்யுங்கள். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு வெறும் படம் உதவாது. பார்வை குறைந்த பெரியவர் பெரும்பாலும் முகநூலில் இருக்கமாட்டார், அவர் மகள் இருப்பாள். அந்த மகளை மனத்தில் வைத்து எழுதுங்கள்.

முகாம் முடிந்தபின் எழுதுவதற்கு எங்கள் போலியோ பணியைச் சொல்கிறேன். ரோட்டரி அதை 1985-இல் கையில் எடுத்தது. 1988-இல் உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அது 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்த பிறகு ஒரு விளம்பரம் வந்தது: பிரபலங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சின்ன இடைவெளி விட்டு, ஒழிக்க இன்னும் இவ்வளவுதான் என்று காட்டினார்கள். செய்து முடித்ததும் மீதி இருப்பதும் ஒரே சைகையில் தெரிந்தது. நீங்களும் "இத்தனை பேருக்குக் கண் பார்த்தோம்" என்பதற்கு அடுத்த வரியிலேயே, "இத்தனை பேருக்கு அறுவை சிகிச்சை பாக்கி, அழைத்துப்போக வண்டியோடு ஆள் தேவை" என்று எழுதுங்கள். வெளியாள் உள்ளே வர அதுதான் வழி.

இன்ஸ்டாகிராமை வாராவாரம் கவனிக்க இளையவர் ஒருவர் கிடைத்தால் தொடங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

பதில் (முகாம்களில் உதவும் செவிலியர்):
படம் எடுக்க அனுமதி கேட்கும் நேரம் முக்கியம். வரிசையில் நிற்கும்போது கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். மறுத்தால் சிகிச்சை கிடைக்காதோ என்ற பயம். கண்ணாடி கைக்கு வந்தபிறகு கேளுங்கள். படம் எங்கே வரப்போகிறது என்பதையும் சொல்லுங்கள். குழந்தையென்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பின்னாளில் எடுக்கச் சொன்னால் உடனே எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் முகமே வேண்டாம், லென்ஸ் மாற்றும் கைகளைக் காட்டினாலே போதும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த முகாம் அறிவிப்பை இப்படியே தயாரிக்கிறேன். பணம் கட்டுவது பற்றி?

பதில் (ரோட்டரிக்காரர்):
முகாம் அறிவிப்புக்கு மட்டும் கட்டுங்கள். முகாம் நடக்கும் இடத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும்படி எல்லை வகுத்தால் சிறு தொகையே போதும். பொதுமக்களிடம் திரட்டிய சேவை நிதியை இதற்குத் தொடாதீர்கள். சந்தாவில் நடக்கும் நிர்வாகக் கணக்கு உங்களிடம் தனியாக இருக்கிறதே, அதிலிருந்து எடுங்கள். பொருளாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.