‘சோங்’ என்னும் வியட்நாமியச் சொல் சீனக் கடனா?

மருதன்: வியட்நாமியத்தில் ஆற்றைக் குறிக்கும் ‘சோங்’ என்ற சொல், ஆறு எனவே பொருள்படும் சீனத்து ‘ஜியாங்’ என்பதன் திரிபே என்பேன். சீனர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆண்ட நாடு அது. ‘ஜியாங்’ என்பதன் தொல்வடிவை அறிஞர்கள் ‘க்ரோங்’ என மீட்டுருவாக்கியுள்ளனர். வியட்நாமியத்திலோ சொல்முதல் ‘க்ர’ பின்னாளில் ‘ச’ ஆகியிருக்கிறது. இவ்வளவு பொருந்தும்போது வேறு மூலம் தேடுவானேன்?

செங்கழுநீர்: ஒலி பொருந்துவதை நான் மறுக்கவில்லை, கடன் போன திசையைத்தான் மறுக்கிறேன். அந்தச் சீனச் சொல் வியட்நாமியத்தில் ‘யாங்’ என்று தனியே வழங்குகிறது (இது தென்பகுதி உச்சரிப்பு, ஹனோயில் ‘ஸாங்’ என்பார்கள்). மீகாங்கின் கிளையாறு ஒன்று பேச்சில் ‘சோங் ஹௌ’, ஏட்டு வழக்கில் ‘ஹௌ யாங்’. ஆற்றுச்சொல் முன்னே நிற்பது வியட்நாமிய முறை, பின்னே நிற்பது சீன முறை.

மருதன்: ‘யாங்’ தாங் அரசர் காலத்து உச்சரிப்பை ஒட்டி வந்த கடன், ‘சோங்’ அதற்கு முந்திய ஹான் காலத்திலேயே வந்திருக்கலாம். ஒரே சொல் இருமுறை கடனாக வருவது எந்த மொழிக்கும் புதிதன்று. தாங்கள் காட்டும் சொல்வரிசை, முந்திய கடன் மொழியில் ஊறிப்போனதைக் காட்டுமேயன்றி அதன் மூலத்தைக் காட்டாது.

செங்கழுநீர்: நியாயமான மறுப்பு, சொல்வரிசையை விட்டுவிடுகிறேன். ஆனால் வியட்நாமியத்தின் நெருங்கிய உறவான முவோங் மொழியில் ஆறு ‘கோங்’, மத்திய மேட்டுநிலத்துப் பானார் மொழியில் ‘க்ரோங்’, பர்மாவின் மோன் மொழியில் ‘க்ருங்’. சீன ஆட்சியையே காணாத மோன் மக்களிடம் இச்சொல் எப்படிப் போயிற்று? இவை யாவும், வியட்நாமியத்தைப் போலவே, சீனத்தோடு உறவற்ற ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்து மொழிகள். 1976இல் மொழியியலறிஞர்கள் ஜெர்ரி நார்மனும் மெய் சூ-லினும் தங்கள் கட்டுரையில், சீனமே இச்சொல்லைத் தெற்கிலிருந்து பெற்றது என வாதிட்டனர். பழஞ்சீன நூல்களில் ‘ஜியாங்’ யாங்சி ஆற்றின் தனிப்பெயராக வருகிறது, வடக்கின் மஞ்சள் ஆற்றுக்கோ ‘ஹ’ என்று வேறு பெயர். தெற்கே வந்தவர்கள் அங்கிருந்தோர் ஆற்றை அழைத்த சொல்லையே அதற்குப் பெயராக்கிக்கொண்டார்கள் என்பது பொருந்துகிறது.

வழிப்போக்கன்: குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. திபெத்திய மொழியில் ஆறு ‘க்லுங்’. அது சீனத்தின் உறவுமொழி ஆயிற்றே? அப்படியானால் ‘ஜியாங்’ சீனத்தின் சொந்தச் சொல்லாகவும் இருக்கலாமே?

செங்கழுநீர்: அங்கே இருப்பது ‘ல’கரம், இங்கே ‘ர’கரம். அந்த வேறுபாட்டை விளக்காமல் இரண்டையும் ஒரே வேராகக் கொள்ள நான் தயங்குகிறேன்.

மருதன்: மோன், பானார் வடிவங்களைக் கண்டபின் ‘சோங்’ சீனக் கடன் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ‘ஜியாங்’ தெற்கத்திய கடன் என்பதை மட்டும், அந்தத் திபெத்தியச் சொல்லுக்குத் தக்க விடை கிடைக்கும்வரை ஏற்பதற்கில்லை.