விம்: மேக்ஃபைல் உடையுது, டேப்பும் ஸ்பேஸும் கலக்குது, திறக்கவும் நேரமாகுது

செவ்வாய்ப்பேட்டை_கோடு (கேள்வி)

வணக்கம்ங்க. கொலுசுப் பட்டறைகளுக்கு எடை, டச் (வெள்ளியோட சுத்தம்), கூலி கணக்குப் போடுற மென்பொருள். தராசுல இருந்து சீரியல் போர்ட் வழியா எடை வாங்குற பகுதி சி, ரிப்போர்ட் பகுதி பைத்தான், கூடவே புரோகிராமைக் கட்டுற கட்டளைகள் இருக்கற ஒரு மேக்ஃபைல். உபுண்டு 24.04, எடிட்டர் விம் 9.1. கிளிப்போர்டு வேணும்னு விம்-ஜிடிகே3 பேக்கேஜ் போட்டிருக்கோம். விம்மோட செட்டிங் ஃபைலான விம்ஆர்சி-யில இருக்கறது இவ்வளவுதான்:

செட் எக்ஸ்பேண்ட்டேப்
செட் ஷிஃப்ட்விட்த்=2
செட் டேப்ஸ்டாப்=2

இதைப் போட்ட பிறகு மேக்ஃபைலைத் திருத்தினா "மிஸ்ஸிங் செபரேட்டர்" வருது. முன்னே ஃபைலை மறுபடி திறந்தா விட்ட வரிக்கே கர்சர் போகும், இப்போ போறதில்லை. பழைய சி ஃபைல்கள் டெர்மினல்ல கேட் அடிச்சா நேரா இருக்கு, விம்முல கோணல். அப்புறம், ஏற்காட்டுல இருந்து வேலை பார்க்குறவர் எஸ்எஸ்எச் -எக்ஸ் போட்டு சேலம் ஆபீஸ் மெஷினுக்குள்ள வந்து விம் திறந்தா 4, 5 செகண்ட் ஆகுது. ஆபீஸ்லயே திறந்தா உடனே வருது. தொடக்கத் திரையும் வேண்டாம், நேரா புராஜெக்ட் திறக்கணும்.

மூக்கனேரி

மேக்ஃபைலுக்கும் கர்சருக்கும் காரணம் ஒண்ணுதாங்க. சொந்த விம்ஆர்சி இல்லாதவரைக்கும் விம் தானா டிஃபால்ட்ஸ்.விம்-ங்கிற அடிப்படை செட்டிங் ஃபைலை ஏத்தும். நீங்க ஒரு வரி எழுதி சேவ் பண்ணாலும் அது ஏறாது. கர்சரைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோறதும், ஒவ்வொரு மொழிக்கும் உரிய இண்டென்ட் விதிகளை இயக்குறதும் அதுக்குள்ளதான் இருக்கு. விம்ஆர்சி-யோட முதல் வரியா இதைச் சேருங்க:

சோர்ஸ் $விம்ரன்டைம்/டிஃபால்ட்ஸ்.விம்

மேக்ஃபைல்ல கட்டளை வரி டேப்புலதான் தொடங்கணும், உங்க எக்ஸ்பேண்ட்டேப் அதை ஸ்பேஸாக்கிருச்சு. இனி மேக்ஃபைல் திறந்தா அதுக்கான ஃபைல்டைப் பிளக்-இன் நோஎக்ஸ்பேண்ட்டேப் போட்டுரும், டேப் டேப்பாவே விழும். ஏற்கெனவே ஸ்பேஸா மாறின வரிகள் தானா சரியாகாது. செட் லிஸ்ட் அடிங்க: டேப் இருக்கற இடத்துல ^ஐ தெரியும். கட்டளை வரிகள்ல அது தெரியலைன்னா அந்த வரியை மட்டும் மாத்துங்க. மொத்த ஃபைலுக்கும் ஒரே அடியா மாத்தாதீங்க, இஃப்ஈக்யூ வரிகளும் சேர்ந்து கெடும்.

இதோட பக்கவிளைவு: பைத்தான் ஃபைல்ல நீங்க வெச்ச 2 போய் 4 வரும். பிளக்-இன் உங்க விம்ஆர்சி-க்கு அப்புறம் ஓடுது. பைத்தான் எழுத்துநடை விதியான பெப் 8 சொல்றதும் 4 தான், அப்படியே விட்டுருங்க. எந்த மதிப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு சந்தேகம் வந்தா

:வெர்போஸ் செட் ஷிஃப்ட்விட்த்?

கடைசியா மாத்தின ஃபைல் பேரையே காட்டும். யூகமே வேண்டாம்.

சி-க்கு ~/.விம்/ஆஃப்டர்/எஃப்டிபிளக்இன்/சி.விம்-ல எழுதுங்க:

செட்லோக்கல் எக்ஸ்பேண்ட்டேப் ஷிஃப்ட்விட்த்=4 சாஃப்ட்டேப்ஸ்டாப்=-1 டேப்ஸ்டாப்=8

-1 போட்டா சாஃப்ட்டேப்ஸ்டாப் தானா ஷிஃப்ட்விட்த்தைப் பின்பற்றும், ஒரே எண்ணை ரெண்டு இடத்துல மாத்த வேண்டியதில்லை. செட்லோக்கலுக்குப் பதிலா செட் போட்டா அடுத்துத் திறக்குற ஃபைலுக்கும் அதே அளவு ஒட்டிக்கும்.

ஐந்துரோடு

கோணலுக்குக் காரணம் டேப்ஸ்டாப்=2. அது டேப்பை எத்தனை இடம் அகலமாக் காட்டணும்னு சொல்றது மட்டும்தான், ஃபைலை மாத்தாது. டெர்மினல் அதே டேப்பை 8-ஆக் காட்டுது. டேப்பை ஸ்பேஸா மாத்துற ரீடேப் அடிக்கிற ஆசை வரும். வரிசை முக்கியம்: அந்த ஃபைல் முதல்ல எந்த அகலத்துல எழுதப்பட்டுச்சோ அதை டேப்ஸ்டாப்ல வெச்சு (8-ன்னே வெச்சுப் பாருங்க, நேராயிட்டா அதுதான்), அப்புறம் எக்ஸ்பேண்ட்டேப், அப்புறம் :ரீடேப். 2-லயே வெச்சு அடிச்சா கோணல் நிரந்தரமாயிரும்.

உங்க மாதிரி பில் அடிக்கிற கோடுல இன்னொரு கண்ணி இருக்கு. ரீடேப் மேற்கோளுக்குள்ள இருக்கற நிஜ டேப்பையும் மாத்தும். எடைக்கும் கூலிக்கும் நடுவுல டேப் தட்டி வெச்சிருந்தா ரசீதுல பத்தி நகர்ந்துரும். அதையெல்லாம் முதல்ல பின்சாய்கோடு-டீ ஆக்கிட்டு அடிங்க. இந்த மாற்றத்தைத் தனி கமிட்டாப் போடுங்க. கிட் பிளேம் -டபிள்யூ போட்டா இடைவெளி மாற்றம் கணக்குல வராது, வரியை உண்மையா எழுதினவர் பேரே நிக்கும்.

பைத்தான் ஃபைல்களுக்கு பைத்தான்3 -எம் டேப்நானி . ஓட்டினா கலப்பு இருக்கற ஃபைலையும் வரியையும் சொல்லும்.

டீமுல எல்லார் மெஷினுக்கும் ஒரே அளவு வேணும்னா ரெப்போ வேர்ல இண்டென்ட் அளவுகளை எழுதின .எடிட்டர்கான்ஃபிக் ஃபைல் வைங்க, விம்ஆர்சி-யில பேக்ஆட்! எடிட்டர்கான்ஃபிக் சேருங்க. 9.1-ல கூடவே வருது, தனியா இறக்க வேண்டாம். அப்படி வெச்சா மூக்கனேரி சொன்ன சி.விம்-ல அளவுகளை எடுத்துருங்க. ரெண்டு இடத்துல ரெண்டு எண் இருந்தா எது ஜெயிக்குதுன்னு தேடியே பொழுது போயிரும்.

இருபதாம்_வளைவு

ஏற்காடு தாமதத்துக்கு விம்மைக் குறை சொல்ல முடியாது. முதல்ல உறுதி பண்ணிக்குங்க:

விம் --ஸ்டார்ட்அப்டைம் நேரம்.டெக்ஸ்ட் மெயின்.சி

அந்த ஃபைல்ல "செட்டப் கிளிப்போர்டு" வரியில நேரம் எகிறியிருந்தா இதுதான்: -எக்ஸ் போட்டு வந்ததால விம் கிளிப்போர்டுக்காக மலை மேல இருக்கற லேப்டாப்போட எக்ஸ் சர்வரை (அதோட திரையைக் கவனிக்கிற புரோகிராம்) தேடிப் போகுது. ஒவ்வொரு கேள்வியும் நெட்வொர்க்ல போயிட்டுத் திரும்பணும். எஸ்எஸ்எச்-ல -எக்ஸ்-ஐ விட்டுட்டாலே போதும். வேற எதுக்காவது அது தேவைன்னா விம் -எக்ஸ் (பெரிய எக்ஸ்) எனத் திறங்க. ரெண்டுலயும் பிளஸ் ரிஜிஸ்டர், அதாவது விம்மோட கிளிப்போர்டு, லேப்டாப்புக்கு வராது. டிஃபால்ட்ஸ்.விம் மவுஸையும் பிடிச்சுக்கும், அதனால டெர்மினல்ல காப்பி பண்ண ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டு இழுங்க.

தொடக்கத் திரைக்கு செட் ஷார்ட்மெஸ்+=ஐ, பெரிய ஐ. (அந்தத் திரையில உகாண்டா குழந்தைகளுக்கு உதவச் சொல்லி பிராம் மூலனார் வெச்ச வரியும் வரும். நான் எடுக்கறதில்லை.) புராஜெக்டுக்கு, திறந்திருக்கற ஃபைல்களைச் சேமிக்கிற :எம்கேசெஷன்! போட்டு வெச்சு, அடுத்த தடவை அதே ஃபோல்டர்ல விம் -எஸ். அதுக்கு முன்னாடி மறக்காம:

செட் செஷன்ஆப்ஷன்ஸ்-=ஆப்ஷன்ஸ்

இல்லைன்னா செஷன் ஃபைல் பழைய டேப் அளவுகளையும் சேர்த்து வெச்சுக்கும். நீங்க விம்ஆர்சி-யில என்ன மாத்தினாலும் மாறலையேன்னு தலையைப் பிச்சுக்குவீங்க.

செவ்வாய்ப்பேட்டை_கோடு

ரொம்ப நன்றிங்க. மேக் ஓடுது, மலையில இருந்தும் உடனே திறக்குது. ஒண்ணே ஒண்ணு: சி-யில கேஸ் வரி ஸ்விட்ச்சை விட ஒரு படி உள்ளே போய் நிக்குது. நேர்க்கோட்டுல வேணும்.

மூக்கனேரி

அதே சி.விம்-ல செட்லோக்கல் சிஐஎன்ஆப்ஷன்ஸ்=:0,எல்1 சேருங்க. :0 கேஸை ஸ்விட்ச்சுக்கு நேரா நிறுத்தும். எல்1 கேஸுக்குப் பின்னாடி அதே வரியில அடைப்பு திறந்தா உள்ளே இருக்கறதை கேஸை வெச்சு அளக்கும். பழைய ஃபைலுக்கு ஜிஜி=ஜி (கடைசி ஜி பெருசு), அதையும் ரீடேப் கமிட்டோட சேர்க்காம தனியாப் போடுங்க.