பைத்தான், கோ, ரஸ்ட்: தமிழ்ச் சொல் விளையாட்டுக்கு எது சரிவரும்?

சொல்லாடி: ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை இணையத்தில் வைக்கப் போகிறோம். சர்வர் பக்கத்தை எந்த நிரல்மொழியில் எழுதுவது என்பதில் மூன்று பேருக்கு மூன்று கருத்து. வேகம், டைப் சோதனை, எழுதும் சுகம் என்று வாதம் ஓடுகிறது. ஆனால் "விளையாட்டு" என்ற சொல்லின் நீளம் பைத்தானில் 10. கோ மொழியிலும் ரஸ்ட்டிலும் 30. வர வேண்டியது 5. சொல் பட்டியலில் ஏறத்தாழ 1 லட்சம் சொற்கள். எதை எடுக்கலாம்?

மெய்யன்: எந்த மொழியும் தப்பாக எண்ணவில்லை. எண்ணும் பொருள்தான் வேறு. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். வ, ி, ள, ை, ய, ா, ட, ், ட, ு என்று 10 குறிகள், ஆக 30 பைட். கோவும் ரஸ்ட்டும் பைட்டை எண்ணுகின்றன, பைத்தான் யூனிக்கோடு குறியை எண்ணுகிறது. நாம் எழுத்து என்று நினைப்பதை எண்ணுவது ஸ்விஃப்ட் மொழி. அதில் கவுண்ட் போட்டால் நேராக 5 வரும். எலிக்ஸிர் மொழியின் ஸ்ட்ரிங் லெங்த்தும் அப்படியே.

என் ஓட்டு ரஸ்ட்டுக்கு. காரணம் வேகம் இல்லை. முதல் 5 வேண்டும் என்று சரத்தை (ஸ்ட்ரிங்கை) வெட்டிப் பாருங்கள். பைத்தான் எந்தப் புகாரும் இல்லாமல் "விளைய" என்று தரும். பார்க்க நல்ல தமிழ்போல இருப்பதால் சோதனையில் யார் கண்ணிலும் படாது. கோ மொழியில் "வ" வரும், பின்னால் உடைந்த 2 பைட் ஒட்டிக்கொண்டிருக்கும். ரஸ்ட்டில் அந்த இடம் குறியின் நடுவில் விழுவதால் நிரல் பேனிக் ஆகி அங்கேயே நின்றுவிடும். தவறு உடனே தெரிகிற மொழிதான் இந்த வேலைக்கு நல்லது. எழுத்தாகப் பிரிக்க யூனிக்கோடு செக்மென்டேஷன் என்ற கிரேட்டை (ரஸ்ட் நூலகத்தை) சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பாட்டி: மெய்யன் சொல்வது உண்மை, ஆனால் அதற்காக ரஸ்ட் வரை போக வேண்டாம். சர்வர் தொடங்கும்போதே 1 லட்சம் சொல்லையும் எழுத்தாகப் பிரித்து லிஸ்ட்டாக வைத்துவிட்டால் பிறகு சரத்தை வெட்டும் வேலையே இல்லை. ஐந்து உறுப்புள்ள லிஸ்ட்டை ஒப்பிட எந்த மொழியும் போதும். பைத்தானில் ஓப்பன் தமிழ் நூலகம் இந்தப் பிரிப்பைச் செய்து தருகிறது.

ஒன்றில் மட்டும் கவனம். உரையில் வடிவங்களைத் தேடப் பைத்தானோடு வரும் ரீ மாட்யூலில், சொல்லைப் பிடிக்கப் போடும் சிறிய டபிள்யூ குறி (\w) உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. "தமிழ்" என்பதைக் கொடுத்தால் "தம", "ழ" என்று இரண்டு துண்டாக வரும். பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாக ரீஜெக்ஸ் என்ற தனி மாட்யூலை நிறுவுங்கள், அது முழுச் சொல்லைத் தரும். கோ மொழியில் அதே டபிள்யூ ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டும்தான் பிடிக்கும், தமிழுக்கு ஒன்றுமே சிக்காது.

கோபாலகன்: கோ எழுதுகிறவர்கள் எழுத்தாகப் பிரிக்க யுனிசெக் தொகுப்பைச் சேர்த்தால் முடிந்தது. ஆனால் மொழி எதுவானாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. "கொ" என்பதை க, ொ என்று 2 குறியாகவும் எழுதலாம். க, ெ, ா என்று 3 குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தான், கோ, ரஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் நான்கிலும் அவை சமமில்லை. ஆட்டக்காரர் சரியான விடையைத் தட்டியும் சிவப்புக் கட்டம் வரும். ஸ்விஃப்ட் மட்டும் சமமாகக் கொள்ளும். அதனால் பட்டியலையும் உள்ளீட்டையும் முதலில் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிக்கோடு வடிவத்துக்கு மாற்றுங்கள். பைத்தானில் யூனிக்கோடுடேட்டா மாட்யூல் கூடவே வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் நார்மலைஸ் உண்டு. கோவுக்கு நார்ம் தொகுப்பு.

என்எஃப்சி தொடாத வலை இன்னொன்று. "பௌர்ணமி"யைப் பலர் ஔகாரக் குறிக்குப் பதில் ளகரம் போட்டு "பெளர்ணமி" என்று தட்டுகிறார்கள். 4 எழுத்து 5 ஆகிவிடும், உங்கள் பட்டியலுக்குள்ளும் நுழைந்துவிடும்! எல்லா "ெள"வையும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், "கெளுத்தி" பாழாகும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதவற்றை மட்டும் எடுத்து, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

சொல்லாடி: மிக்க நன்றி. குழுவில் மூவருக்கும் தெரிந்தது பைத்தான், அதிலேயே போகிறோம். "பக்ஷி" போன்ற சொல்லுக்கு எத்தனை கட்டம் வைப்பது?

மெய்யன்: யூனிக்கோடு விதிப்படி ப, க், ஷி என்று 3. ஸ்விஃப்ட்டும் அப்படியே எண்ணும். க்ஷவை ஒரே எழுத்தாகக் கொண்டால் 2. இதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ததை ஒரே ஃபங்ஷனில் எழுதி, பட்டியலுக்கும் உள்ளீட்டுக்கும் அதையே கூப்பிடுங்கள். பிரவுசரில் தனியாகப் பிரிக்க வேண்டாம். எழுத்தாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியான இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) ஃபயர்பாக்ஸுக்கு வந்ததே 2024இல், 125ஆம் பதிப்பில்தான். தட்டியதை அப்படியே சர்வருக்கு அனுப்பி, பிரித்த எழுத்துகளை அரேயாகத் திருப்பி வாங்குங்கள்.

பாம்பாட்டி: பட்டியலை அகரவரிசையில் காட்டுவதாக இருந்தால் பைத்தானின் சார்ட்டை நம்பாதீர்கள். அது குறி எண்ணைப் பார்த்து அடுக்கும். ன போய் ந பக்கத்தில் உட்காரும், "க்" என்பது "கௌ"வுக்கும் பின்னால் போகும். பைஐசியு நிறுவி, தமிழுக்கான கொலேட்டரை (வரிசை விதிப்படி ஒப்பிடும் கருவியை) உருவாக்கி, அது தரும் சாவியை வைத்து அடுக்குங்கள்.