பிளேட்மாஸ்டரை எப்படித் தடுப்பது?

வார்கிராஃப்ட் 3, ஃப்ரோசன் த்ரோன் என்ற கணினிப் போர் விளையாட்டு. மண்டபம் ஊரில் பெரியப்பா வீட்டில் இரண்டு பழைய கணினிகளைக் கேபிளில் இணைத்து ஆடுகிறோம். மீன்பிடித் தடைக்காலம், அண்ணன் கரையில்தான். பத்து நாளாகத் தினமும் தோற்கிறேன்.

நான் மனிதப் படை, என் நாயகன் ஆர்ச்மேஜ். அண்ணன் ஓர்க் படை. மூன்றாவது நிமிடமே அவருடைய நாயகன் பிளேட்மாஸ்டர், விண்ட் வாக் என்ற மறையும் திறனில் கண்ணுக்குத் தெரியாமல் வந்து, தங்கச் சுரங்க வாசலில் என் வேலையாட்களான பெசன்ட்களை ஒவ்வொருவராக வெட்டுகிறான். மணியடித்து அவர்களை ஆயுதமேந்திய மிலிஷியா ஆக்கினால் மறைந்து ஓடிவிடுகிறான். அதற்குள் சுரங்க வேலை நின்றுபோகிறது. காவலுக்கு டவர் இரண்டு கட்டினேன், மரம் தீர்ந்தது. சரி என்று காலாட்படை வீரர்களான ஃபுட்மேன்களைப் பெருக்கினேன். படைக்கான உணவுக் கணக்கு 50ஐத் தாண்டியதும், படைப் பராமரிப்புப் பிடித்தம் போக, நடைக்கு 10 வந்த தங்கம் 7 ஆகிவிட்டது.

ஜூன் 14 தடை முடிந்ததும் அண்ணன் கடலுக்குப் போய்விடுவார். அதற்குள் ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும். 50 உணவுக்குள் நின்றபடியே பிளேட்மாஸ்டரைத் தடுக்க முதலில் எதைக் கட்ட வேண்டும்?