ட்ரொம்சோ – போட்ஸ்ஃபியோர்ட்: 420 கிலோமீற்றருக்கு இரண்டு மணித்தியாலமா?

புதுக்குடியிருப்பான்:
வணக்கம் உறவுகளே. தம்பி நோர்வேயின் வடக்குத் தொங்கலில், போட்ஸ்ஃபியோர்ட் என்ற ஊரில் மீன் ஃபக்டரியில் வேலை செய்கிறான். பிள்ளை பிறந்திருக்கிறது, அம்மா டிசம்பரில் போகிறா. ஒஸ்லோவில் இருந்து ட்ரொம்சோ, அங்கிருந்து சின்னப் பிளேன். இணையத்தில் பார்த்தால் ட்ரொம்சோவில் இருந்து 420 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம் என்று போட்டிருக்கு. ஏஜென்சிக்காரர் தந்த ரிக்கெற்றில் 2 மணி 10 நிமிடம். எது சரி? அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், பாஷையும் தெரியாது, அதுதான் யோசனை.

மாங்குளம்_மைனர்:
இரண்டும் சரிதான் அண்ணை. 420 என்பது நேர்கோட்டுத் தூரம், பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் போவது மாதிரி. அந்த டாஷ் 8 பிளேன் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும், ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஒரு மணித்தியாலம். ஆனால் அது நேரே போகாது, எங்கட சிரிபி (அரசாங்க) பஸ் மாதிரி ஹமர்ஃபெஸ்ட், மேஹம்ன், பெர்லெவோக் என்று வழியில் இறங்கி ஆள் ஏற்றி இறக்கித்தான் போகும். எந்த ஊரில் நிற்கும் என்பது கிழமைக்குக் கிழமை, நேரத்துக்கு நேரம் மாறும். ரிக்கெற்றில் உள்ள நேரத்தையே நம்புங்கோ.

வடகடல்:
நான் முள்ளியவளை, இப்ப அந்தப் பக்கம், நோர்வேயின் வடக்கு மாவட்டமான ஃபின்மார்க்கில்தான் இருக்கிறேன். அந்த ஊர்களின் ஓடுபாதை பலதும் 800, 1000 மீற்றர் அளவுதான், பெரிய ஜெட் இறங்காது. அதனால்தான் இந்த 39 சீற் விசிறிப் பிளேன். ஒரேயொரு பணிப்பெண்தான் இருப்பா. ஏறுகிற படி கதவோடேயே சேர்ந்தது, ஒடுக்கமானது, முழங்கால் வருத்தம் என்றால் புக் பண்ணும்போதே உதவி வேணும் என்று போடச் சொல்லுங்கோ. இடையில் நிற்கும்போது எல்லாரும் இறங்குகிறார்கள் என்று அம்மாவும் இறங்கிவிடக் கூடாது! ஒரு துண்டில் ஊர்ப் பெயரை நோர்வேஜிய எழுத்தில் பெரிதாக எழுதிக் கையில் குடுத்து, ஏறும்போதே பணிப்பெண்ணிடம் காட்டச் சொல்லுங்கோ.

டிசம்பரில் அங்கே சூரியன் எழும்பாது, அது பிரச்சினையில்லை, காற்றுத்தான் பிரச்சினை. காற்று கூடினால் ஒரு ஊரில் இறங்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடும், அல்லது பிளேனையே ரத்துச் செய்துவிடுவார்கள். ரிக்கெற் எல்லாம் ஒரே புக்கிங்கில் இருந்தால் அடுத்த பிளேனுக்கு மாற்றுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் காசு போச்சு.

புதுக்குடியிருப்பான்:
நன்றி அண்ணை. பிளேன் ரத்தானால் தம்பி காரில் வந்து ஏற்றலாமா?

வடகடல்:
றோட்டால் 700 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் பனியில், கடைசி மலைப்பாதையை அடிக்கடி பூட்டுவார்கள். வேண்டாம். கரையோரக் கப்பல் இருக்கு, ஆனால் ட்ரொம்சோவில் இருந்து ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். ட்ரொம்சோவில் தமிழாக்கள் இருக்கினம், ஒரு இரவு தங்க வைக்கத் தம்பியை முன்கூட்டியே கதைத்து வைக்கச் சொல்லுங்கோ.

மாங்குளம்_மைனர்:
மருந்தும் தடிச்ச ஜக்கெற்றும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய சூட்கேஸ் சிலவேளை அடுத்த பிளேனில்தான் வரும்.