ரெக்கவரியில் ஃபோல்டர் பெயர்கள் குழம்பித் தெரிகின்றன, பேக்கப்பும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது

ஊசிநூல்:

வணக்கம். தையல் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களின் அளவு, துணியின் படம், கொடுக்க வேண்டிய தேதி எல்லாம் போனில் ஒரு சின்ன செயலியில்தான் இருக்கின்றன. அந்தச் செயலி இப்போது பிளே ஸ்டோரில் இல்லை.

போன் 2019-இல் வாங்கியது. ஸ்னாப்டிராகன் 660, 64 ஜிபி ஸ்டோரேஜ். அப்டேட் வருவது நின்ற பிறகு என் தம்பி அதில் லினேஜ் ஓஎஸ் 18.1 (தன்னார்வலர்கள் செய்யும் ஆண்ட்ராய்டு) போட்டு, டிடபிள்யூஆர்பி ரெக்கவரியும் (ஆண்ட்ராய்டு ஓடாமலே பேக்கப், ரீஸ்டோர் செய்ய உதவும் தனி மெனு) ஏற்றிக் கொடுத்தான். போன விடுமுறைக்கு வந்தவன், எதையும் அழிக்காமல் அதன் மேலேயே லினேஜ் 20 ஏற்றிவிட்டுப் போனான். போன் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அந்த அளவுச் செயலி மட்டும் திறந்த உடனே மூடிக்கொள்கிறது. ஸ்டோரேஜும் நிரம்பிவிட்டது. டிடபிள்யூஆர்பி ஃபோல்டர் மட்டும் 17 ஜிபி, அதில் 2021-இல் எடுத்த பேக்கப் இருக்கிறது.

அதை ரீஸ்டோர் செய்தால் செயலி பழையபடி வந்துவிடும் என்று நினைத்து ரெக்கவரிக்குள் போனேன். பாஸ்வேர்டு கேட்டது. தினமும் போடும் அதே பின்னைப் போட்டால் தவறு என்கிறது. கேன்சல் கொடுத்து ஃபைல் மேனேஜரில் பார்த்தால் டிசிஐஎம், டவுன்லோட் எதுவும் இல்லை. எல்லா ஃபோல்டருக்கும் கண்டபடி எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பெயர்கள். பயந்துபோய் ரீபூட் செய்தேன், போன் வழக்கம்போல் திறந்தது, படங்கள் எல்லாம் இருக்கின்றன.

தெரிந்த ஒருவர், "ஃபார்மட் டேட்டா கொடு, சரியாகிவிடும்" என்கிறார். அதைத் தொடுவதற்கு முன் இங்கே கேட்கிறேன்.

பூட்லூப்:

அக்கா, ஃபார்மட் டேட்டா கொடுக்கவே கொடுக்காதீர்கள். அழிக்கும் மெனுவான வைப் பக்கமும் போக வேண்டாம். அந்த 17 ஜிபி பேக்கப் இருப்பதும் அதே டேட்டா பார்ட்டிஷனுக்குள்தான் (ஸ்டோரேஜில் பிரித்து வைத்த ஒரு பகுதி). உள்நினைவகம் என்று நாம் பார்ப்பது தனி இடம் இல்லை, டேட்டாவுக்குள் மீடியா என்ற ஒரு ஃபோல்டர், அவ்வளவே. ஃபார்மட் கொடுத்து, கேட்கும்போது "எஸ்" என்று டைப் செய்தால் படம், செயலி, பேக்கப் மூன்றும் ஒரே நேரத்தில் போகும். குழம்பிய பெயர்கள் மறைந்துவிடும் என்பது உண்மைதான், ஏனென்றால் பெயர் வைக்க அங்கே எதுவும் இருக்காது.

உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண்ட்ராய்டு 7-இலிருந்து ஒவ்வொரு கோப்பையும் அதன் பெயரையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கும் முறை வந்தது. சாவி இல்லாமல் பார்ப்பவருக்கு ஃபோல்டர்கள் தெரியும், பெயர்கள் மட்டும் இப்படிக் கண்டபடி தெரியும். அதற்கு முந்தைய முறையில் பார்ட்டிஷன் முழுவதையும் சேர்த்துப் பூட்டுவார்கள். அங்கே ரெக்கவரியில் ஃபோல்டரே வராது, 0 எம்பி என்று நிற்கும். உங்களுடையது முதல் வகை.

பின் எண்ணைச் சரியாகப் போட்டும் தவறு என்று சொல்வதற்குக் காரணம் ரெக்கவரி பழையது. அந்தச் சாவியைச் சிப்புக்குள் காவல் காக்கும் கீமாஸ்டர் என்ற பகுதி, ஆண்ட்ராய்டு பதிப்பையும் செக்யூரிட்டி பேட்ச் தேதியையும் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கும். லினேஜ் 18.1 என்பது ஆண்ட்ராய்டு 11, 20 என்பது 13. சிஸ்டம் மேலே போனபோது சாவியும் கூடவே மேலே போய்விட்டது. ஆண்ட்ராய்டு 11 காலத்து ரெக்கவரி வந்து கேட்டால் அது திறந்து கொடுக்காது. ரெக்கவரிக்கு அந்தக் காரணத்தைச் சொல்லத் தெரியாது, பாஸ்வேர்டு தவறு என்று மட்டும் காட்டும். இந்த ஒரு வரியை நம்பி எத்தனை பேர் ஃபார்மட் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போது நல்ல செய்தி. போன் பூட் ஆகிறது, பின் போட்டால் திறக்கிறது. அப்படியென்றால் சாவி சிஸ்டத்தின் கையில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியதை எடுக்க ரெக்கவரியே தேவையில்லை.

கம்ப்யூட்டரில் கூகுள் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸை இறக்கிக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி அதற்குள் இருக்கிறது. போனில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அங்கே யூஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்யுங்கள். லினேஜில் அதே பக்கத்தில் ரூட்டட் டிபக்கிங் என்று இன்னொன்று உண்டு, அதையும் ஆன் செய்யுங்கள். அப்புறம் முதலில் டிடபிள்யூஆர்பி ஃபோல்டரையும் டிசிஐஎம் ஃபோல்டரையும் ஏடிபி புல் மூலம் கம்ப்யூட்டருக்கு இழுங்கள். சாதாரணமாக யூஎஸ்பி போட்டு மவுஸால் இழுக்கும் எம்டிபி முறை 17 ஜிபிக்குத் தாங்காது, பாதியில் நின்றுவிடும்.

அளவுச் செயலியின் டேட்டா அதற்கென்று உள்ள தனி ஃபோல்டரில் இருக்கிறது: டேட்டாவுக்குள் இன்னொரு டேட்டா, அதற்குள் செயலியின் பேக்கேஜ் பெயர். சாதாரணமாக அங்கே நுழைய முடியாது, முழு அனுமதி தரும் ஏடிபி ரூட் கட்டளையைக் கொடுத்த பிறகு முடியும். எடுப்பதற்கு முன் ஆப் இன்ஃபோ பக்கத்தில் ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுங்கள். உள்ளே டேட்டாபேசஸ் என்ற ஃபோல்டரில் டிபி (.db) என்று முடியும் கோப்பு இருக்கும். அதை மட்டும் எடுத்து வந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே அதே பெயரோடு வால் (-wal), எஸ்ஹெச்எம் (-shm) என்று முடியும் கோப்புகள் இருந்தால் மூன்றையும் சேர்த்தே எடுங்கள். கடைசியாகப் பதிந்தவை சில சமயம் அந்த வால் கோப்பில்தான் இருக்கும். அதை விட்டால் பழைய வாடிக்கையாளர்கள் எல்லாம் வருவார்கள், சமீபத்தில் வந்தவர்கள் மட்டும் காணாமல் போவார்கள். துணிப் படங்கள் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருக்கலாம், அதனால் பேக்கேஜ் ஃபோல்டரை முழுதாக இழுப்பதே நல்லது.

எடுத்த டிபி கோப்பை டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் உங்கள் அளவுகள் அட்டவணையாகத் தெரியும்.

2021 பேக்கப்பை இதன் மேல் ரீஸ்டோர் செய்ய வேண்டாம். அது ஆண்ட்ராய்டு 11-இன் டேட்டா. 13-இன் மேல் கொட்டினால் சாவிக் கோப்புகள் பொருந்தாமல் பூட் ஆகாமலே நின்றுவிடலாம். அதிலிருந்து ஏதாவது வேண்டுமானால் கம்ப்யூட்டரிலேயே பிரித்து எடுக்கலாம். வின்000, வின்001 என்று முடியும் கோப்புகள் வேறொன்றும் இல்லை, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கோப்புகள்தான். 7-ஜிப்பில் திறந்து தேவையான ஃபோல்டரை மட்டும் வெளியே எடுங்கள்.

கருப்பட்டி:

பூட்லூப் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். போனில் மெமரி கார்டு போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் செட்டிங்ஸ், ஸ்டோரேஜில் போய் அது போர்ட்டபிள் என்று இருக்கிறதா, இல்லை போனின் உள்நினைவகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 6-இல் வந்த வசதி அது. சேர்த்து வைத்தால் கார்டு முழுவதும் பூட்டப்படும், அதன் சாவி போனின் டேட்டாவுக்குள் இருக்கும். அந்த நிலையில் ஃபார்மட் டேட்டா கொடுத்தால் கார்டும் சேர்ந்து போகும். கார்டை வெளியே எடுத்து வைத்துவிட்டால் பத்திரம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். இந்த விஷயத்தில் அது பத்திரம் இல்லை.

இன்னொன்று. பேக்கப்பை கார்டுக்கோ பென்டிரைவுக்கோ மாற்றும்போது ஃபோல்டராகவே மாற்றுங்கள், ஒரே ஜிப்பாகக் கட்ட வேண்டாம். கார்டு, பென்டிரைவுகளில் வரும் எஃப்ஏடி32 என்ற ஃபார்மட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிடபிள்யூஆர்பி இதற்காகவே தன் கோப்புகளைச் சுமார் 1.5 ஜிபி துண்டுகளாக வெட்டி வைக்கிறது. அதைப் போய் 17 ஜிபி ஜிப்பாக்கினால் கார்டில் நிறைய இடம் இருந்தும் ஏறாது.

ஊசிநூல்:

பூட்லூப் அண்ணா, கருப்பட்டி அண்ணா, இருவருக்கும் நன்றி. கார்டு போர்ட்டபிள்தான். டிடபிள்யூஆர்பி ஃபோல்டரும் படங்களும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. செயலியின் ஃபோல்டரும் வந்தது, நீங்கள் சொன்னது போல அந்த மூன்று கோப்புகளும் இருந்தன. திறந்து பார்த்தேன். முதல் வரியிலேயே எங்கள் தெரு டீச்சரின் பிளவுஸ் அளவு, தோள், கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் தனித்தனிக் கட்டத்தில். போன வாரம் எழுதியதும் இருக்கிறது. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் தம்பியிடம் போனில் கேட்டு, என் மாடலுக்கு ஆண்ட்ராய்டு 13 திறக்கும் என்று எழுதியிருந்த புதிய டிடபிள்யூஆர்பியை எடுத்தேன். போனில் ஏற்றாமல், கம்ப்யூட்டரிலிருந்து ஃபாஸ்ட்பூட் பூட் என்ற கட்டளை மூலம் ஒரு முறை மட்டும் சும்மா ஓட்டிப் பார்த்தோம். பின்னை ஏற்றுக்கொண்டது, பெயர்கள் சரியாகத் தெரிகின்றன. சரி, ஒரு முழு பேக்கப் எடுக்கலாம் என்று கார்டைத் தேர்ந்தெடுத்து டேட்டாவை டிக் செய்தால், பாதி ஓடி "கிரியேட்டார்ஃபோர்க் எரர் 255" என்று சிவப்பில் நின்றுவிடுகிறது. கார்டில் 40 ஜிபிக்கு மேல் காலி. இது எதனால்?

பூட்லூப்:

அளவுகள் வந்ததே பெரிய விஷயம், அக்கா. ஏற்றாமல் ஓட்டிப் பார்த்ததும் சரியான வழி.

255 என்பது தனி ஒரு நோய் இல்லை. டார் கட்டும் வேலை எங்கோ நின்றது என்று மட்டும் அர்த்தம். எங்கே நின்றது என்பதை ரெக்கவரியே எழுதி வைத்திருக்கும். எரர் வந்தவுடன் ரீபூட் செய்யாமல், அட்வான்ஸ்டில் காப்பி லாக் கொடுங்கள். நடந்ததை எல்லாம் எழுதி வைக்கும் ரெக்கவரி லாக் கோப்பு ஸ்டோரேஜுக்கு வரும். அதன் அடியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போங்கள். சிவப்பு வரிக்குச் சற்று மேலே எந்தக் கோப்பில் தடுக்கியது என்ற பாதை இருக்கும்.

என் ஊகம்: இரண்டாவது வாட்ஸ்அப் வைத்திருக்கிறீர்களா? வொர்க் ப்ரொஃபைல் (போனுக்குள்ளேயே வேலைக்கென்று தனியாக வைக்கும் பகுதி) மூலம் வைத்தால் ஆண்ட்ராய்டு அதை இன்னொரு ஆளாகவே கணக்கில் வைக்கும், பெரும்பாலும் பயனர் எண் 10. சில போன் கம்பெனிகளின் சொந்த ஆண்ட்ராய்டில் டூயல் ஆப் என்றால் 999. அந்த ஆளின் கோப்புகளுக்குத் தனிச் சாவி. உங்கள் பின் உங்கள் கோப்புகளைத்தான் திறந்தது, 10-ஆம் ஆளுடையவை இன்னும் பூட்டியே இருக்கின்றன. டார் அங்கே போய் நிற்கிறது. லாகில் பாதையின் நடுவே 10 என்று ஒரு ஃபோல்டர் தெரிந்தால் இதுதான்.

அப்படியானால் அந்த ப்ரொஃபைலை நீக்கிவிட்டு பேக்கப் எடுப்பதுதான் சுலபம். ஆனால் நீக்கினால் அதிலுள்ள எல்லாமும் போய்விடும். முதலில் அந்த வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப் கொடுங்கள், பிறகு ஏடிபி ரூட்டில் டேட்டா, மீடியாவுக்குள் 10 என்ற ஃபோல்டரை முழுதாகக் கம்ப்யூட்டருக்கு இழுங்கள். வந்த கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகு மட்டும் ப்ரொஃபைலை நீக்குங்கள்.

பேக்கப் எடுக்கும் முன் போனின் பின்னையும் எடுத்துவிடுங்கள், முடிந்தபின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பின் பூட்டோடு எடுத்த டேட்டாவை ரீஸ்டோர் செய்தால் சரியான பின்னையே தவறு என்று சொல்லி வெளியே நிறுத்திவிடும் போன்களைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். டேட்டாவோடு பூட் பார்ட்டிஷனையும் டிக் செய்யுங்கள். ஈஎஃப்எஸ் என்று ஒன்று பட்டியலில் இருந்தால் அதைத் தனியாக ஒரு முறை எடுத்து, கம்ப்யூட்டரிலும் இன்னொரு இடத்திலும் வையுங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயும் நெட்வொர்க் அளவீடுகளும் அதைச் சார்ந்தவை. சில எம்பிதான் இருக்கும். அது கெட்டால் போன் இருக்கும், சிக்னல் இருக்காது. உதவி கேட்கும்போதும் அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

போனில் உள்ள பழைய 17 ஜிபியை நீக்கலாம், ஆனால் ஒன்றைச் சரிபார்த்த பிறகு. ஒவ்வொரு வின் கோப்புக்கும் பக்கத்தில் எஸ்ஹெச்ஏ2 என்று முடியும் குட்டிக் கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்தால் எழுத்தும் கலந்த ஒரு நீளமான எண் வரிசை. கம்ப்யூட்டரில் வின் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 7-ஜிப்பின் சிஆர்சி மெனுவில் எஸ்ஹெச்ஏ-256 கொடுத்தால் வரும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி இழுங்கள்.

ஊசிநூல்:

லாகில் 10 இருந்தது. கடைக்கு என்று தனி நம்பர் வைத்திருந்தேன், அதுதான். நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன், பேக்கப் பச்சையில் முடிந்தது. எண்களும் ஒத்துப்போகின்றன.

ஒரே ஒரு சந்தேகம். அளவு அட்டவணையை சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) வெளியே எடுத்து எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புள்ளியும் கோடுமாக வருகின்றன. டிபி பிரவுசரில் சரியாகத் தெரிந்தன. கோப்பு கெட்டுவிட்டதா?

பூட்லூப்:

கெடவில்லை. இரட்டை கிளிக்கில் திறந்தால் எக்செல் அதை யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் முறை) என்று எடுத்துக்கொள்ளாமல் விடுவதால் வருவது. காலியான எக்செல் ஷீட்டைத் திறந்து, மேலே டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட் கொடுத்து அந்த சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 வையுங்கள், முன்னோட்டத்திலேயே பெயர்கள் சரியாக வந்துவிடும். லிப்ரே ஆபீஸ் இருந்தால் திறக்கும்போதே கேரக்டர் செட் கேட்கும், அங்கேயும் யூடிஎஃப்-8தான். போன் நம்பர் உள்ள பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு உள்ளே எடுங்கள், இல்லையென்றால் முன்னால் 0 போட்டு எழுதிய நம்பர்களில் அந்த 0 விழுந்துவிடும்.